காலந்தாழ்த்தி வருவது யார் குற்றம்?

நோய்க்கு இரண்டு பிறந்தநாள் உண்டு. உடம்பினுள் அது புகுந்த நாள் ஒன்று. மருத்துவர் முன்னிலையில் அது வெளிப்பட்ட நாள் மற்றொன்று. காய்ச்சலுக்கும் பேதிக்கும் இவ்விரு நாட்களுக்கு இடையே உள்ள தூரம் மிகச் சிறிது. எச்.ஐ.வி. என்னும் கிருமியால் உண்டாகும் நோய்க்கோ அத்தூரம் எட்டாண்டு, பத்தாண்டு என நீளக்கூடும். அந்த இடைவெளி ஒருவருக்குக் குறுகியும் வேறொருவருக்கு நீண்டும் அமைவது ஏன் என்னும் கேள்வியை மருத்துவர்களுக்கே உரியதென்று நாம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். அது ஆசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உரிய கேள்வி என்பது என் துணிபு. மலையகத் தோட்டங்களை மனத்திற்கொண்டே அதனை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலில் மருத்துவ நூலார் கூறும் செய்தியைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். நமது குருதியில் உள்ள வெள்ளணுக்களுள் சீ.டி.4 என்று பெயர் பெற்ற ஒருவகை அணுக்கள் உண்டு. உடம்பின் காவற்படைக்கு ஆணையிடும் தலைவர்கள் என அவற்றைக் கொள்ளலாம். நலமுடைய ஒருவரிடத்தில் ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் இவை 500 முதல் 1500 வரை இருக்கும். எச்.ஐ.வி. கிருமி தாக்குவது இத்தலைவர்களையே. மருந்தின்றி விட்டால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 100 வரை இவ்வணுக்கள் குறைந்துகொண்டே வரும். ஆயினும் நோயாளி நடக்கிறார், உண்கிறார், கொழுந்து பறிக்கிறார், கவ்வாத்து வெட்டுகிறார். வெளிக்கு யாதொரு குறையும் தோன்றுவதில்லை. பெரும்பாலும் எண்ணிக்கை 200க்குக் கீழ் இறங்கிய பின்னர், காசநோய், நுரையீரல் அழற்சி, மூளைக் காய்ச்சல் முதலியன காவலற்ற கோட்டையினுள் புகும் பகைவரைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன.

ஆகவே, ஒருவர் சிகிச்சையை நாடி முதன்முதலாக வரும் நாளில் அவருடைய சீ.டி.4 எண்ணிக்கை எவ்வளவு என்று மருத்துவர் பார்க்கிறார். அது 350க்குக் கீழ் இருப்பின் 'காலந்தாழ்ந்த வருகை' என்றும், 200க்குக் கீழ் இருப்பின் 'முற்றிய நிலை' என்றும் வகுத்துரைப்பர். அந்த எண்ணை எழுதுவது கிருமி மட்டுமன்று. எத்தனை ஆண்டு அம்மனிதர் வெளியே நிறுத்திவைக்கப்பட்டார் என்பதனையும் அவ்வெண் சொல்லுகிறது. கூலியும் பாதையும் மொழியும் வெட்கமும் சேர்ந்து எழுதிய கணக்கு அது. பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் மீண்டும் மீண்டும் கண்டறிந்த உண்மையும் இதுவே. ஆண்கள், வயது கூடியவர்கள், கல்வி குறைந்தவர்கள், பிழைப்புக்காக இடம்பெயர்ந்தவர்கள், சிகிச்சை நிலையத்திற்குத் தொலைவில் வாழ்பவர்கள், தமக்கு இந்நோய் வராது என்று நம்பியிருந்தவர்கள் ஆகியோரே பெரும்பாலும் காவற்படை அழிந்த பின்னர் வந்து சேர்கின்றனர்.

முன்னொரு காலத்தில் இது பற்றிக் கவல்வதிற் பயன் குறைவாக இருந்திருக்கலாம். 1981 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்நோய் முதலில் விவரிக்கப்பட்டபொழுது அதற்கு மருந்தில்லை. இன்று நிலைமை அவ்வாறன்று. கூட்டு மருந்துகள் 1996 ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்து நோயின் போக்கையே மாற்றிவிட்டன. 35 நாடுகளைச் சேர்ந்த 4685 பேரைக் கொண்டு நடத்தப்பெற்ற பேராராய்ச்சியொன்றின் முடிவு 2015 ஆம் ஆண்டு வெளிவந்தது. எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்பொழுதே மருந்தைத் தொடங்கியவர்களிடம், காத்திருந்து தொடங்கியவர்களைக் காட்டிலும், கொடிய நோயும் மரணமும் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. அவ்வாண்டே உலகச் சுகாதார நிறுவனம், எண்ணிக்கை எதுவாயினும் நோய் தெரிந்தவுடன் மருந்து தருக என்று பணித்தது. அதற்கு முன்னர், 2011 ஆம் ஆண்டு, ஒன்பது நாடுகளில் 1763 தம்பதியரிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், உரிய காலத்தில் மருந்துண்பவரிடமிருந்து துணைவருக்கு நோய் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்தது தெளிவாயிற்று. நம்மவர்க்கு அண்மையிலுள்ள சென்னையும் அவ்வாராய்ச்சியில் பங்குகொண்டது. இந்தியாவில் இக்கிருமி முதலில் கண்டறியப்பட்டதும் அதே சென்னையில், 1986 ஆம் ஆண்டு, டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வினால்தான் என்பது நினைவுகூரத்தக்கது.

மருந்து உண்டு, நமது நாட்டு அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. காலத்தில் வந்தவர் ஏனையோரைப் போல நெடுநாள் வாழலாம். மணந்து மக்களைப் பெறலாம். பிறருக்கு நோய் பரவாமலும் காக்கலாம். இவ்வளவும் இருந்தும் ஒருவர் கட்டிலிற் கிடத்திக் கொண்டுவரப்படும் நிலையில் வந்து சேர்வாராயின், குறை மருந்தில் இல்லை என்பது வெள்ளிடைமலை.

இந்நோய் மலையகத்திற் பெருகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இலங்கையில் 1987 ஆம் ஆண்டு முதல் இலங்கையரிடத்தே இது கண்டறியப்பட்டது. இன்றளவும் வயது வந்தோருள் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவானவரிடமே இது உள்ளது. மகிழத்தக்க செய்திதான். ஆனால் அருகிய நோய்க்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. நோயாளி அதனை நினைப்பதில்லை, அயலார் நினைப்பதில்லை, சிற்சமயம் மருத்துவரும் நினைப்பதில்லை. மாதக்கணக்கில் இருமல் என்றால் குளிரால் வந்தது என்பர். உடம்பு மெலிந்தால் குடியால் வந்தது என்பர். வாய்ப்புண் என்றால் வெற்றிலையால் என்பர். நோயின் உண்மைப் பெயரைத் தவிர எல்லாப் பெயர்களும் அதற்கு வழங்கிவரும்.

இனி, தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனையிற் கொள்வோம். கணவனுக்கும் மனைவிக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இக்கிருமி தொற்றிவிட்டது என்க. இருவரும் அறியார். மனைவி கருவுறுகிறாள். மருத்துவ மாது அவளைக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்கு வரச்சொல்லுகிறார். அங்கே எடுக்கப்படும் இரத்தத்தில் இக்கிருமியும் தேடப்படுகிறது. எல்லாத் தாய்மாரிடமும் எடுப்பதனால் யாருக்கும் வெட்கமில்லை. ஏன் வந்தாய் என்று கேட்பாருமில்லை. அவள் காவற்படை வலிமையோடு இருக்கும்பொழுதே நோய் வெளிப்படுகிறது, மருந்து தொடங்குகிறது, குழந்தை நோயின்றிப் பிறக்கிறது. இவ்வொழுங்கின் பயனாகவே தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென்று இலங்கையை உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டு அங்கீகரித்தது. நாம் பெருமைகொள்ள வேண்டிய சாதனை அது.

கணவனின் கதை வேறு. அவனை அழைக்கும் கிளினிக் எதுவுமில்லை. மனைவியின் வழியாகச் செய்தி கிட்டினாலன்றி, அவன் விழும் நாள்வரை எவரும் அவன் கையிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுக்கப் போவதில்லை. ஒரே கிருமி, ஒரே லயத்துக் காம்பரா, ஒரே அடுப்பு. ஆயினும் ஒருத்தி 500இல் வருகிறாள். மற்றவன் 50இல் வருகிறான். உடற்கூற்றில் உள்ள வேற்றுமையால் இது விளையவில்லை. ஒருவருக்கு ஒரு கதவு திறந்திருந்தது, மற்றவருக்கு இல்லை. மகப்பேற்று வயது கடந்த மாதர்க்கும் அக்கதவு இல்லை என்பதையும் மறத்தலாகாது. இதனிலும் கொடிய முரண்பாடு ஒன்றுண்டு. முதலில் நோய் தெரியவந்தவள் மனைவி என்பதனாலேயே, நோயைக் கொண்டுவந்தவளும் அவளே என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. காலத்தில் வந்ததற்கு அவள் பெறும் பரிசு பழி! இதைக் காணும் அடுத்த வீட்டுப் பெண்ணும் அவள் கணவனும் என்ன பாடம் கற்பார்கள் என்று சிந்தித்துப் பாருங்கள்.

பரிசோதனைக்கு மற்றொரு வாயிலும் உண்டு. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் புறப்படுமுன் இரத்தப் பரிசோதனைக்கு உட்படவேண்டும். தோட்டங்களிலிருந்து வீட்டுப் பணிக்குச் செல்லும் மாதர் பலர் இவ்வாயிலைக் கடந்தவர்களே. இங்கே பரிசோதனை வைத்தியத்திற்கன்று, வடிகட்டுவதற்கு. தேறினால் விமானம், தேறாவிட்டால் வாழ்வுக்கான வழியே அடைபடும். நம் முன்னோர்க்கு இது புதிதன்று. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டு, நோயுளதோ என்று ஆராயப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். பரிசோதனை என்பது நம்மைக் காப்பதற்கன்று, நம்மைக் கழிப்பதற்கு என்னும் எண்ணம் ஒரு சமூகத்தின் நினைவில் தலைமுறை தலைமுறையாகப் படிந்திருக்குமாயின், அதனை அறியாமை என்று இகழ்தல் தகாது. அனுபவம் கற்பித்த பாடம் அது. அதனை மாற்ற வேண்டுமாயின் வேறோர் அனுபவத்தையே தரவேண்டும், உபதேசம் போதாது.

தொழிலாளியின் நாளையும் சற்று நோக்குவோம். காலையிற் பெரட்டுக்குப் போகவேண்டும். உரிய நிறை கொழுந்து எடுத்தாலன்றி முழுப்பேர் இல்லை; குறைந்தால் அரைப்பேர். கிளினிக்குக்குப் போகும் நாள் பேரில்லாத நாள். அதன்மேற் பஸ் கட்டணம். வேலை செய்யத்தக்க உடம்போடு இருப்பவன், உடம்பு நன்றாயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒருநாட் கூலியை இழப்பானா? இழக்கமாட்டான். வேலை செய்ய முடியாத நிலை வந்த பின்னரே மருந்து என்பது தோட்டத்தின் எழுதாச் சட்டம். எழுதிய சட்டமும் இதற்கு வெகுதூரம் அகன்றதாக இருக்கவில்லை. 1872 ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்து ஆங்கில அரசு சட்டம் இயற்றியது. பின்னர் 1912 ஆம் ஆண்டிலும் இயற்றியது. எனினும் தொழிலாளியின் உடம்பை உழைப்பின் கருவியாகவே கண்ட காலம் அது. கருவி பழுதாகும்வரை அதனைத் திறந்து பார்ப்பவர் யார்?

பிற்காலத்திற் பல நன்மைகள் விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. டிக்கோயாவில் இந்திய அரசின் உதவியோடு கட்டப்பெற்ற 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. ஆயினும் மலையுச்சித் தோட்டமொன்றின் கடைசி லயத்திலிருந்து ஹட்டன் நகருக்கோ நுவரெலியாவுக்கோ உள்ள தூரத்தை மைல்களால் மட்டும் அளத்தல் கூடாது. மழையில் வழுக்கும் பாதை, நாளில் இரண்டு மூன்று முறை மட்டும் வரும் பஸ், வரிசையிற் கழியும் முற்பகல் ஆகிய யாவும் அத்தூரத்திற் சேர்ந்தவை.

இவற்றினும் நுட்பமான தூரம் மொழி. வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. நோயாளிக்குச் சிங்களம் போதாது. இடையே நின்று மொழிபெயர்ப்பவர் யார்? சிற்றூழியர் ஒருவராக இருக்கலாம். அடுத்த கட்டில் நோயாளியின் உறவினராக இருக்கலாம். சிலவேளை நோயாளியின் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். வயிற்றுவலியை மூன்றாமவர் வாயிலாகச் சொல்லிவிடலாம். தன் வாழ்வின் அந்தரங்கத்தைச் சொல்ல முடியுமா? மைத்துனன் மொழிபெயர்க்க ஒருவன் தன் உடலுறவு வரலாற்றை உரைப்பான் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாதவர் செயல். கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாமலும், சொல்லவேண்டிய விடை சொல்லப்படாமலும் அந்நாள் கழிகிறது. எண்ணிக்கை இன்னும் இறங்குகிறது.

லயத்து வாழ்வில் இரகசியம் காத்தல் எவ்வளவு அரிது என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர். ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள். இப்பால் இருமினால் அப்பால் கேட்கும். மாதந்தோறும் ஒருவர் எங்கே போகிறார், என்ன மாத்திரை உண்கிறார் என்பது பீலிக்கரையிற் பேச்சாகிவிடும். செய்தி பரவினால் மகளுக்கு வரன் வருமா, பிள்ளைமடுவத்திற் குழந்தையைச் சேர்ப்பார்களா, திருவிழாவிற் பொங்கற் பானையைத் தொட விடுவார்களா என்றெல்லாம் அவர் எண்ணுகிறார். இவ்வச்சங்களைப் பொருளற்றவை என்று நகரத்து மேடையில் நின்று கூறுதல் எளிது. அவற்றோடு வாழவேண்டியவர் அவரே.

இங்கேதான் ஆசிரியரும் எழுத்தாளரும் குற்றக்கூண்டில் ஏறவேண்டியிருக்கிறது. இந்நோய்க்கு நாம் இட்ட பெயர் யாது? 'ஆட்கொல்லி', 'உயிர்க்கொல்லி'. பத்திரிகைத் தலைப்பிலும் பட்டிமன்றத்திலும் மாணவர் கட்டுரையிலும் இச்சொற்கள் நீக்கமற நிறைந்துள்ளன. மருந்து இல்லாத காலத்தில் எழுந்த பெயர், மருந்து வந்து பல்லாண்டுகள் ஆன பின்னரும் மாறவில்லை. 'கொல்லி' என்று முன்னரே தீர்ப்புக் கூறப்பட்ட நோய் தனக்கு உளதோ என்று அறிய எவன் விரும்புவான்? அறிந்தால் மரணம், அறியாவிட்டாலும் மரணம் என்றால், அறியாதிருப்பதே ஆறுதல் என்று அவன் முடிவு செய்வது இயல்பேயன்றோ? அச்சுறுத்தினால் மக்கள் திருந்துவர் என்று நாம் கருதினோம், அச்சுறுத்தப்பட்டோர் ஒளிந்துகொண்டனர்.

இந்நோயை ஒழுக்கக்கேட்டின் தண்டனை என்று போதிக்கும் வழக்கமும் அத்தகையதே. வகுப்பறையில் இப்பாடத்தை நடத்தும்பொழுது மாணவர்கள் தலைகுனிந்து சிரிப்பதை நான் கண்டிருக்கிறேன். பாடம் முடிந்ததும் அவர்கள் மனத்தில் எஞ்சுவது, இது 'கெட்டவர்களுக்கு' வருவது என்னும் ஒரே செய்தி. தன்னைக் கெட்டவனென்று கருதாத ஒவ்வொருவரும் அந்நொடியே தமக்குப் பரிசோதனை வேண்டாம் என்று தீர்மானித்துவிடுகிறார்கள். கணவனையன்றி வேறெவரையும் அறியாத பெண்ணுக்கும் இது வருகிறது. பிறந்த குழந்தைக்கும் வந்திருக்கிறது. நமது நாட்டுக் குழந்தைநல மருத்துவர் கமலிகா அபேரத்ன, விபத்தொன்றின் பின் தமக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியே இக்கிருமி தொற்றியதை 1990களில் ஒளிக்காமல் உலகறியச் சொன்னார். அவர் அவ்வாறு சொன்னதன் பெருமை, தாம் குற்றமற்றவர் என்று காட்டியதில் இல்லை; நோயாளி எவரும் குற்றவாளியாக நிற்கத் தேவையில்லை என்று காட்டியதிலே உள்ளது.

வெட்கத்தை நீக்கிவிட்டால் ஒழுக்கம் தளராதோ என்று சில பெரியோர் வினவக்கூடும். ஒழுக்கத்தைக் கற்பிக்க வேண்டாமென்று நான் கூறவில்லை. அதனை வைத்தியசாலை வாயிலில் நின்று கற்பிக்க வேண்டாம் என்றே கூறுகிறேன். வள்ளுவர் ஒழுக்கத்திற்கு ஓர் அதிகாரமும் மருந்துக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். மருந்ததிகாரத்தில், வந்த நோயையும் அதன் காரணத்தையும் ஆராயும் மருத்துவனைக் காண்கிறோம். நோயாளியை விசாரிக்கும் நீதிபதியைக் காண்பதில்லை. அவ்வேறுபாட்டை நாம் மறந்தோம்.

அப்படியாயின் எல்லாத் தொழிலாளரையும் கட்டாயப்படுத்திப் பரிசோதித்துவிடலாமே என்பர் வேறு சிலர். அதுவும் தவறு. கட்டாயம் என்பது மீண்டும் மண்டபம் முகாமே. கர்ப்பிணித் தாயின் கதவு வெற்றி பெற்றதற்குக் காரணம் வற்புறுத்தலன்று. எல்லார்க்கும் பொதுவாக, காரணம் வினவாமல், தாயின் நலத்தை முன்னிட்டு, வைத்தியத்தோடு சேர்த்து அது வழங்கப்பட்டது. வேண்டாமென்று மறுக்கும் உரிமையும் தாய்க்கு உண்டு. அத்தகைய கதவை ஏனையோர்க்கும் திறத்தலே செய்யத்தக்கது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் நாளிலே, விரும்புவோர்க்கு இப்பரிசோதனையும் அவற்றுள் ஒன்றாக நடைபெறட்டும். அந்நாளுக்குப் பேர் வெட்டாதிருக்கும் உறுதியைத் தோட்ட நிர்வாகங்களிடம் தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெறட்டும். சம்பளத்துக்காகப் போராடத் தெரிந்த சங்கங்களுக்கு இது பெரிய காரியமன்று. காசநோயாளி ஒவ்வொருவர்க்கும் இப்பரிசோதனை தவறாது வழங்கப்படட்டும். தமிழில் நேரே பேசக்கூடிய, வாய் காக்கப் பயின்ற உத்தியோகத்தர் ஒவ்வொரு சிகிச்சை நிலையத்திலும் இருக்கட்டும். மலையகப் பாடசாலைகளிற் கற்றுத் தேறும் இளைஞருள் சிலரை இப்பணிக்கென்றே ஊக்குவிப்பது நம் ஆசிரியர்களால் இயலாத செயலா?

பணச் செலவின்றி நாளையே செய்யத்தக்கது ஒன்றும் உண்டு. நமது எழுத்திலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் 'ஆட்கொல்லி' என்னும் சொல்லை விலக்குவோம். எச்.ஐ.வி. தொற்று என்று நேராகச் சொல்லுவோம். மருந்துண்டு என்பதை அதே வாக்கியத்திற் சேர்த்தே சொல்லுவோம். மாணவன் ஒருவன் இப்பாடத்தைப் படித்து வீடு சென்று, "அப்பா, இதற்கு மருந்து இருக்கிறதாம், முன்னமே தெரிந்தால் ஒன்றும் ஆகாதாம்" என்று சொல்லக்கூடுமாயின், அப்பாடம் பலித்தது. அவன் வாய்திறவாமல் இருந்துவிடுவானாயின், பரீட்சையில் நூற்றுக்கு நூறு பெற்றாலும் அப்பாடம் தோற்றது.

ஒரு நோயாளி 50 அணுக்களோடு வந்து சேர்கிறார் என்றால், "ஏன் இவ்வளவு தாமதித்தாய்?" என்று கேட்பதே நம் வழக்கம். அக்கேள்வியை அவரிடம் கேட்கும் உரிமை நமக்கில்லை. அவர் வருவதற்கு ஒரு நாட் கூலியையும், ஒரு பஸ்ஸையும், தம் மொழியறிந்த ஒரு செவியையும், பழிக்காத ஒரு சொல்லையும் நாம் ஆயத்தமாக வைத்திருந்தோமா என்பதே முதலிற் கேட்கத்தக்கது. அதற்கு விடைகூற வேண்டியவர்கள் நாம்.